பைனல் இயர் போஸ்டிங்: வார்டில் எப்போது இருக்க வேண்டும்?

எம்.பி.பி.எஸ். கடைசி வருடத்தில் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, எந்த பேட்ச் எப்போது எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதைக் கல்லூரியே முடிவு செய்துவிடும். அந்த வாரங்களில் எந்த நேரம் வார்டில் நிற்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பிராக்டிகல் தேர்வில் பெரிய வித்தியாசம் வருவது அங்கேதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

போஸ்டிங் தொடங்கும் அன்றே உங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள், ஓ.பி. நாள், தியேட்டர் நாள் எவை என்று ஹவுஸ் சர்ஜனிடம் (பயிற்சி மருத்துவரிடம்) கேட்டுக் குறித்துவையுங்கள். மெடிசினில் அட்மிஷன் நாள் சாயங்காலத்தை விடவே கூடாது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து வந்தவருக்கு மறுநாள் காலைக்குள் பி.ஜி. (மேற்படிப்பு மருத்துவர்) நீரை எடுத்திருப்பார். அப்புறம் தட்டிப் பார்த்தால் நீங்கள் தேடும் அந்த மந்த ஒலி இருக்காது. சிகிச்சைக்கு முன் பார்த்த நோயாளியை இரண்டு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். என்ன மாறியிருக்கிறது என்பது மனதில் நன்றாகப் பதியும்.

சர்ஜரியில் தியேட்டர் நாளுக்கு முந்தின மாலை போங்கள். தைராய்டு, ஹெர்னியா, வெரிகோஸ் வெயின் எல்லாம் ஆபரேஷனுக்காகக் காத்திருக்கும். ஹெர்னியாவையும் வெரிகோஸ் வெயினையும் படுக்க வைத்து மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், நிற்கவும் வைத்துப் பாருங்கள்.

ஓ.ஜி.யில் (மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில்) ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, முந்தைய சிசேரியன், கர்ப்பகாலச் சர்க்கரை ஆகிய நான்கையும் நீங்களே நோயாளியிடம் விவரம் கேட்டு, பரிசோதித்து, கேஸ் எடுத்திருக்க வேண்டும். தேர்வில் சர்க்கரை கேஸ் வந்தால், கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறியும் டிப்சி பரிசோதனையைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம்: 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறை இது. நம் ஊரிலிருந்து போனது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பீடியாட்ரிக்ஸில் குழந்தை அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே இதய ஒலியைக் கேட்டுவிடுங்கள். தொண்டையைப் பார்ப்பது கடைசியில்தான்.

இன்னொன்று. நல்ல மர்மர் (இதயத்தில் கேட்கும் இயல்பற்ற இரைச்சல்) உள்ள நோயாளி என்றால் பேட்ச் முழுவதும் வரிசையாக ஸ்டெத்தோடு போய் நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அது பெரிய வேதனை. "ஐயா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே முறையில் கேஸ் எடுத்து, வார்டுக்கு வெளியே வந்து ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதை அன்றே செய்துவிடுங்கள்.