இருபது கம்பிச் சில்லுக்குப் புது ரிம்

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும் சைக்கிள் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தாக வேண்டும். மழை நாளில் பிரேக் கட்டையில் ஒட்டும் மணல் ரிம்மை அரம்போலத் தேய்த்துவிடும். இரும்பு அடிமட்டத்தை ரிம்மின் பக்கச்சுவரில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்துவிட்டது. ரிம் மாற்ற வேண்டியதுதான். பள்ளத்தில் இடித்து நெளிந்த ரிம்முக்கும் அதே முடிவுதான்.

முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட பழைய சைக்கிளில் ஒரு கம்பி அறுந்தாலும் லயம் (தோட்டக் குடியிருப்பு) வரை ஓட்டிப் போய்விடலாம். 20 கம்பிச் சில்லில் கம்பிக்குக் கம்பி 18 பாகை இடைவெளி. ஒன்று போனாலே ரிம் பிரேக் கட்டையில் உரசும். அதனால்தான் நெளிவைக் கம்பியால் இழுத்து நிமிர்த்தும் பழக்கம் இதற்கு ஆகாது. பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் ஒரு கம்பி விறைத்தும் பக்கத்துக் கம்பி தொய்ந்தும் நிற்கும். தொய்ந்தது ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, கடைசியில் ஹப்பில் (சில்லின் நடுக்குடத்தில்) வளையும் இடத்தில் அறும்.

புது ரிம் வாங்கும்போது துளை எண்ணிக்கை ஒத்தால் மட்டும் போதாது. கம்பிகள் சோடி சோடியாக நிற்கும் சில்லுக்கு அதே மாதிரித் துளையிட்ட ரிம் வேண்டும். நிப்பிள் (கம்பி நுனியை ரிம்மோடு இறுக்கும் சிறு மரைத்துண்டு) உட்காரும் இடத்தின் விட்டத்தையும் அளக்க வேண்டும். ரிம் 6 மி.மீ. ஆழம் கூடினால் இந்த விட்டம் 12 மி.மீ. குறையும்; கம்பியும் 6 மி.மீ. குட்டையாக வேண்டும். விட்ட வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் பழைய கம்பிகளையே போடலாம். நிப்பிளை மட்டும் புதிதாக, பித்தளையில் போடுங்கள். ஈரத்தில் கிடந்த அலுமினிய நிப்பிள் வெள்ளை பூத்து, நிப்பிளைத் திருப்பும் சாவி வைத்ததும் முனை மழுங்கிவிடும்.

கழற்றும்போது எல்லா நிப்பிளையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்திச் சுற்றி வர வேண்டும். பிறகு வால்வுத் துளைகள் நேராக வரும்படி புது ரிம்மைப் பழையதோடு சேர்த்து டேப்பால் கட்டுங்கள். வால்வுக்கு அடுத்த துளை இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதியதை ஒரு துளை தள்ளி வைத்துக் கட்டுங்கள். மரையில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆழமான ரிம்முக்குள் நிப்பிள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. உதிரிக் கம்பி ஒன்றை நிப்பிளின் தலைப்பக்கமாக இரண்டு சுற்றுத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டே துளைக்குள் இறக்குங்கள். இறுக்கி முடிந்ததும் கம்பி நுனி நிப்பிள் தலையிலுள்ள வெட்டின் அடிவரை வந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பிறகு நிப்பிள் தலை பிய்ந்துவிடும்.

இறுக்குவதில் அவசரம் வேண்டாம். கால் சுற்றில் தொடங்கி, முடிவில் அரைக்கால் சுற்றாகக் குறையுங்கள். முன் சில்லில் கம்பி ஒன்றுக்கு 100 முதல் 120 கிலோ விசை போதும். ரிம்மில் அதற்குக் குறைவான வரம்பு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. பின் சில்லில் செயின் பக்கம் மட்டுமே அந்த அளவுக்கு வரும்; இடப்பக்கம் ஏறக்குறைய அதில் பாதிதான் நிற்கும். இரண்டையும் சமமாக்கப் பார்த்தால் ரிம் நடுவிலிருந்து விலகும். ஒரே பக்கக் கம்பிகளுக்குள் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மி.மீ. ஆட்டம் மிச்சமிருந்தாலும் கம்பிகளின் இறுக்கம் ஒத்திருக்கும் சில்லுதான் மலைப்பாதையில் தாங்கும். நேராக்குவது அதற்கு அடுத்த வேலைதான்.

சாவியோடு சேர்ந்து கம்பியும் முறுகும். தட்டைக் கம்பியில் அது கண்ணுக்குத் தெரியும். உருண்டைக் கம்பியில் சிறு டேப் துண்டு ஒட்டினால் தெரிந்துவிடும். தேவைக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பி, பிறகு முறுக்கு விடும் அளவுக்குப் பின்னால் திருப்புங்கள்.

கம்பி இறுக்கத்தின் அளவை டயர் போடாமலே எடுக்க வேண்டும். காற்று நிரம்பியதும் கம்பிகளின் இறுக்கம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து மறுபடி இறுக்காதீர்கள்.