பயிற்சி அட்டவணையில் தூக்கத்துக்கும் ஒரு வரி

ஓட்டமோ நீச்சலோ எடை தூக்குவதோ, எதையாவது விடாமல் செய்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு ஷூவில் தொடங்கி புரோட்டீன், முழங்கால் வலி, அடுத்த போட்டி என்று எங்கெங்கோ போகும். நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்படியே கேட்டாலும் "அஞ்சு மணி நேரம் போதும், பழகிடுச்சு" என்று கொஞ்சம் பெருமையோடு பதில் வரும். அந்தப் பெருமைதான் எனக்குக் கவலை தருகிறது.

உடம்பு அதற்குப் பழகுவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் சுறுசுறுப்பும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், கடைசியில் ஒன்றிரண்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று அவர்களைக் கேட்டால், முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக எதுவும் கூடியதாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது என்று நாம் சொல்வதும் இதைத்தான். குறை அப்படியே இருக்கும், அது நமக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகும்.

பயிற்சி செய்கிறவர்களுக்கு இது ஏன் இரண்டு மடங்கு முக்கியம் என்றால், பயிற்சியின் பலன் பயிற்சி நேரத்தில் கிடைப்பதில்லை. ஓடும்போதும் எடை தூக்கும்போதும் தசை சிதைகிறது, சோர்கிறது. அதைச் சரிசெய்து முன்னைவிட வலுவாகக் கட்டும் வேலை ஓய்வில்தான் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை முதல் தூக்கத்தில், அதாவது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தோடு சேர்ந்து வருகிறது. 2021இல் வந்த ஒரு ஆய்வில் ஒரே ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களுக்குத் தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடியிருந்தது, தசையைக் கட்ட உதவும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. புரோட்டீன் பவுடரைக் கிராம் கணக்கில் அளந்து குடிக்கிற ஆள் இந்த ஒரு விஷயத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியில் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம் வரை தினமும் பத்து மணி நேரமாவது படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சேரி மா என்ற ஆய்வாளர் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவர்களுடைய விரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடிக்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் நின்று கூடையில் போடும் வாய்ப்பு) துல்லியம் 9 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை, அதனால் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு ஆட வேண்டாம். ஆனால் அது நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். போட்டிக்கு முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுப்பவர்கள் எதிர்பார்க்கிற பலன் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

சரி, எல்லாம் தெரிகிறது, காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டுமே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். "சீக்கிரம் படு" என்பதுதான் எல்லோரும் தரும் பதில். அது அவ்வளவு சுலபம் இல்லை. 2014இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அதிகாலைப் பயிற்சி உள்ள நாட்களில் முன்னணி நீச்சல் வீரர்கள் முந்தின இரவு பத்து மணி வாக்கில் படுத்து, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தார்கள். ஏழரை மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் இருந்தும் தூங்கியது சராசரியாக 5.4 மணி நேரம்தான். ஓய்வு நாட்களில் அதே ஆட்கள் 7.1 மணி நேரம் தூங்கினார்கள்.

நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் கடிகாரம் நம்மை விழித்திருக்கச் சொல்லித் தள்ளுகிறது. வழக்கமாகப் பதினொன்றரைக்குத் தூங்குகிறவர் திடீரென்று ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, புரண்டு புரண்டு படுத்து, "எனக்குத் தூக்கமே வராது" என்ற முடிவுக்குத்தான் வருவார். கடிகாரத்தையே முன்னால் நகர்த்த வேண்டும். அதற்கு முதலில் எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஓய்வு நாளிலும் அதே நேரம், போனால் போகிறது என்று ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள்; விடிந்த பிறகு வெளியில் ஓடுகிறவர்களுக்கு இது தானாகவே கிடைத்துவிடும், ஜிம்முக்குள் போகிறவர்கள்தான் மெனக்கெட வேண்டும். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறைத்துவிடுங்கள். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகரும்.

பயிற்சி நேரத்தை மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இருந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது காலைப் பயிற்சியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கோச்சுகளிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன், அதுவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவர்களிடம். 13 வயதிலிருந்து 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், அந்த வயதில் உடல் கடிகாரமும் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகிறது. எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்ததாக 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நாலரை மணிக்கு எழுப்பி விட்டு, பிள்ளைக்கு ஈடுபாடு இல்லை என்று திட்டுவது நியாயமே இல்லை.

மாலையில் பயிற்சி செய்கிறவர்களின் கதை வேறு. எட்டரைக்கு இன்டர்வல், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் பயிற்சி, முடித்து, வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தால் கால் இரண்டும் அனலாகக் கொதிக்கும், தலையணையில் காதை வைத்தால் நெஞ்சு அடிப்பது கேட்கும். உடம்பு அலுத்துப் போயிருக்கும், கண் மட்டும் சொக்காது. இதை வைத்து மாலைப் பயிற்சியே தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த கட்டுரை ஒன்று, மாலை உடற்பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுப்பதில்லை, படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடுமையான பயிற்சிதான் பிரச்சினை என்றது. எனவே மாலையில்தான் நேரம் என்றால் கடினமான பகுதியை முதலில் வைத்து, கடைசிப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடி, நடந்து, மூச்சை இறக்கிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

அப்புறம் வெந்நீர். படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தால் சீக்கிரம் தூக்கம் வருகிறது. உடம்பு சூடாகி எப்படித் தூக்கம் வரும் என்று தோன்றும். வெந்நீர் பட்டதும் கை கால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து, உள்ளே இருக்கும் சூட்டை அது வெளியே கொண்டுவந்து விடுகிறது; உள்சூடு இறங்குவதுதான் உடம்புக்குத் தூங்கும் சைகை. அதனால் அறையும் குளிர்ச்சியாக இருக்கட்டும்.

கடினமான நாளில் பசியோடு படுக்காதீர்கள், எடை குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விட்டவர்கள் நடுராத்திரியில் விழித்துக்கொள்வது சகஜம். தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடியுங்கள். காபி, டீயில் இருக்கும் கஃபீன் விஷயத்தில் மட்டும் நான் கறார். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி கஃபீன் ரத்தத்தில் இருக்கும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் போனதாக 2013இல் ஒரு ஆய்வு காட்டியது. பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கிற பொடிகளில் பலவற்றில் ஒரு கரண்டிக்கே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அதைக் குடித்துவிட்டு இரவில் மாத்திரை தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இரவில் முழுத் தூக்கம் கிடைக்க வழியே இல்லாதவர்களுக்குப் பகலில் குட்டித் தூக்கம் நல்ல துணை. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருபது நிமிடம், அலாரம் வைத்து. நேரம் இருந்தால் ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் எழுந்தால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்த மாதிரி மந்தமாக இருக்கும்.

போட்டிக்கு முந்தின இரவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 283 ஆஸ்திரேலிய விளையாட்டு வீரர்களிடம் கேட்டதில் 64 சதவீதம் பேர், போன ஓராண்டில் ஒரு முறையாவது முக்கியமான போட்டிக்கு முன் மோசமாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். உயர்மட்டத்தில் ஆடுகிறவர்கள் அவர்கள், அவர்களுக்கே அப்படி. ஒரு ராத்திரி அரைகுறையாகத் தூங்கினால் உங்கள் பலம் எங்கும் போய்விடாது. நீண்ட ஓட்டத்தில் சிரமம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். முந்தைய ஒரு வாரம் நன்றாகத் தூங்கியிருந்தால் அதுவே தாங்கும். எனவே பையை மாலையிலேயே கட்டி வைத்துவிட்டு, நம்பர் துணியைச் சட்டையில் குத்திவிட்டு, வழக்கமான நேரத்துக்குப் படுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து எதையாவது படியுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு வரும்போது திரும்பப் படுங்கள். மணியை மட்டும் பார்க்காதீர்கள்.

கையில் கட்டியிருக்கும் வாட்சின் தூக்க மதிப்பெண்ணையும் அன்று காலை பார்க்க வேண்டாம். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தோம் என்பதை அது ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த உறக்கம் எத்தனை நிமிடம் என்பதில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. மதிப்பெண் குறைந்ததே என்ற கவலையில் தூக்கம் கெடுகிறவர்கள் கூடியதால், 2017இல் ஆய்வாளர்கள் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிகிறீர்கள், குறட்டை பலமாக இருக்கிறது, நடுவில் மூச்சு நின்று திணறுவதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார் என்றால், மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் போதாது. மருத்துவரைப் பாருங்கள். கட்டுமஸ்தான உடம்பு, தடித்த கழுத்து உள்ள விளையாட்டுக்காரர்களுக்கும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் வருகிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.