ஏபியூவை அணைக்க ஒரு பிளக் போதாது

விமானத்துறையின் பசுமை மாற்றம் என்றாலே எஸ்ஏஎஃப் என்ற மாற்று எரிபொருள், 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு இலக்கு என்றுதான் பேச்சு போகிறது. இருக்கிற கருவிகளை வைத்தே ராம்ப்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், இன்றைக்கே குறைக்கக்கூடிய புகை ஒன்று உண்டு: விமானத்தின் வாலில் ஓடும் ஏபியூ என்ற துணை என்ஜினின் புகை.

அது ஒரு சின்ன டர்பைன். பெரிய என்ஜின்களை அணைத்த பிறகு மின்சாரமும் ஏசிக்கு வேண்டிய அழுத்தக் காற்றும் அதிலிருந்துதான் வருகின்றன. ஏர்பஸ் ஏ320-ல் மணிக்குச் சுமார் 110 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 45 நிமிட நிறுத்தத்துக்கு ஏறக்குறைய 260 கிலோ.

இதற்கு மாற்று, தரையிலிருந்து கேபிளில் கொடுக்கும் மின்சாரமான கிரவுண்ட் பவர்: 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். ஏ320-க்கு 90 கேவிஏ திறன் போதும். மூக்குச் சக்கரத்துக்கு முன்னால் சாக்கெட். பிளக்கில் ஆறு பின்கள். நான்கு பெரியவை மின்சாரத்துக்கு. இ, எஃப் என்ற இரண்டு சின்னவை பிளக் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பதற்கு. தொல்லை பெரும்பாலும் இந்தச் சின்னப் பின்களில்தான். தேய்ந்து தளர்ந்திருந்தால் பயணிகள் ஏறும் நேரத்தில் சப்ளை அறுந்துவிடும். ஒருமுறை அப்படி ஆனால் விமானி ஏபியூவைப் போட்டுவிடுவார், மறுபடி அணைக்கத் தயங்குவார். அது நியாயம்தான். ஆகவே தேய்ந்த பிளக் முனையை உடனே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேபிளைத் தரையில் போட்டு இழுத்தால் மணலும் மழைநீரும் துளைக்குள் போகும்.

கழற்றும்போது அவசரம் கூடாது. காக்பிட்டில் எக்ஸ்டர்னல் பவரை (இந்த வெளி மின்சாரத்தை) விடுவித்த பிறகு, சாக்கெட் பக்கத்துப் பேனலில் 'நாட் இன் யூஸ்' என்ற வெள்ளை விளக்கு எரியும். அதைப் பார்த்துவிட்டு, சப்ளையை நிறுத்திவிட்டு, நேராக இழுக்க வேண்டும். லோடு இருக்கும்போது பிடுங்கினால் பொறி பறந்து பின் கருகும், கைக்கும் ஆபத்து.

மின்சாரம் மட்டும் கொடுத்தால் வேலை பாதிதான். ஏ320-ன் ஏசி பேக்குகள் (கேபினைக் குளிரவைக்கும் கருவிகள்) மின்சாரத்தில் ஓடாது, அழுத்தக் காற்றில்தான் ஓடும். சென்னை மே மாத வெயிலில் பத்தே நிமிடத்தில் கேபின் புழுங்கும், ஏபியூ திரும்ப ஓடத் தொடங்கும். தரையிலிருந்து குளிர்காற்று ஊதும் குழாயும் சேர்ந்தே வர வேண்டும். குழாய் ஒரே ஒரு இடத்தில் மடங்கினாலும் காற்று சுருங்கிவிடும். நீளம் மிஞ்சினால் சுருட்டிப் போடாமல் நேராக விரியுங்கள். குழாய்க் காற்று போகும்போது பேக்குகள் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல் திரைகளை இறக்கினால் பெரிய உதவி.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் ஏபியூவுக்கு ஐந்து நிமிட வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தப் பேச்சு பருவநிலையிலிருந்து மட்டும் எழவில்லை. ராம்ப் ஊழியர்கள் சுவாசிக்கும் காற்றில் மிகநுண் துகள்கள் நகரின் நெரிசலான சாலையைவிட அதிகம் என்று அளந்து பார்த்ததும், தொழிற்சங்கம் விடாமல் கேட்டதும் காரணம். வாலிலிருந்து வரும் புகை முதலில் போவது பெட்டி ஏற்றுபவர் நெஞ்சுக்குள்தான். எனக்கு இதுவே முதல் காரணமாகப் படுகிறது.

ஆனால் வரம்பை எழுதி ஒட்டினால் மட்டும் ஏபியூ அணையாது. சக்கரத்துக்குத் தடுப்புக்கட்டை (சாக்) வைப்பவரே கேபிளும் இழுத்து, எச்சரிக்கைக் கோனும் வைத்து, குழாயும் மாட்ட வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் போதவே போதாது. விமானம் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முன்பே சோதித்த பிளக்கோடு ஒருவர், குழாயோடு ஒருவர் நிற்க வேண்டும். பட்ஜெட்டில் கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே அந்த இரண்டு ஆட்களுக்கும் ஒதுக்க வேண்டும்.