இரவு நிரல் உண்மையில் செய்த வேலை

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக்கு அருகே ஓர் அலுவலகத்தில் வழங்கிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் இருந்த காலத்தில், மாதத் தொடக்கத்திலிருந்து சேர்ந்த விற்பனைப் பதிவுகளை ஒவ்வோர் இரவும் மீளத் தொகுக்கும் பாஷ் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாஷ் என்பது நாம் எழுதும் கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் எனப்படும் மென்பொருள்களில் ஒன்று. மாத முற்பகுதியில் அது ஒழுங்காக முடிந்துவிடும். இருபதாம் திகதி கடந்தால், அதிகாலை 1 மணிக்குத் தொடங்கியது கணக்காளர் வந்து கதிரையில் அமரும்போதும் முடிந்திராது. "தம்பி, இண்டைக்கும் அறிக்கை வரேல்லையே?" என்பதே அவருடைய காலை வணக்கமாயிற்று. தரவுத்தளம் மெதுவாக இருக்கிறது என்று நானும் சொல்லிச் சமாளித்தேன். நிரலை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். அது எங்கள் ஊரில் மேற்கொண்டு கேள்வி எழாத காரணம்.

நிரலை வாசித்தபோது குற்றம் எதுவும் தென்படவில்லை. இயக்கும் கட்டளைகளைக் காட்டும் பாஷின் 'செட் எக்ஸ்' (set -x) வசதியை இயக்கினால் ஒவ்வொரு கட்டளையும் விரிந்து திரையில் ஓடியது. ஆனால் ஷெல் எதைச் செய்ய நினைத்தது என்பதை அது காட்டியதே தவிர, அதற்காக இயக்கமுறைமை எவ்வளவு பாடுபட்டது என்பதைக் காட்டவில்லை. எஸ்ட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியோ ஒவ்வொரு முறைமை அழைப்பிலும், அதாவது நிரல் இயக்கமுறைமையிடம் ஒரு வேலையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், அதை நிறுத்தி விசாரிப்பதால், ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்த நிரல் மேலும் தளர்ந்தது. ஓடும் நிரல்களைப் பெரிதாகத் தளர்த்தாமல் கவனிக்க, சொலாரிஸ் 10 என்ற இயக்கமுறைமையில் டிட்ரேஸ் 2005 இல் தந்த வசதிக்கு ஈடாக இன்று லினக்ஸில் ஈபிபிஎஃப் (இயக்கமுறைமையின் கருவுக்குள்ளேயே சிறு நிரல்களை ஓட்டும் வசதி) சார்ந்த கருவிகள் இருக்கின்றன. அவற்றுள் எக்செக்ஸ்னூப், புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு நிரலின் பெயரையும், அதற்கு இயக்கமுறைமை வரிசையாக வழங்கும் செயல்முறை எண்ணையும், அதைத் தொடங்கிய தாய்ச் செயல்முறையின் எண்ணையும், கொடுக்கப்பட்ட அளவுருக்களையும் ஒரு வரியில் எழுதிவிடும்.

அதை இயக்கியதும் திரை நிற்காமல் ஓடியது: கட், கட், கட், செட் (sed), டேட், மறுபடியும் கட். எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஒரே இரவு நிரல். ஒரு வரியிலிருந்து ஒரு புலத்தைப் பிரிக்க ஒரு 'கட்' என்ற கணக்கில், பதிவின் ஒரு வரிக்குப் பன்னிரண்டு நிரல்கள் பிறந்து மடிந்தன. மாத இறுதியில் மூன்று இலட்சம் வரிகள். ஆகவே முப்பத்தாறு இலட்சம் நிரல்கள். அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது செயல்முறை எண்கள்தாம். ஒரு 'கட்' தோன்றும்போதெல்லாம் எண் மூன்று மூன்றாகத் தாவியது. ஒவ்வொரு 'கட்'டுக்கும் வரியைக் கொடுத்தது 'எக்கோ' கட்டளை; அது ஷெல்லுக்குள்ளேயே இருப்பதால் பட்டியலில் வராது. ஆனால் அதன் வெளியீட்டைக் குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) வழியே அனுப்பி விடையை மாறியில் வாங்குவதற்கு ஷெல் தன்னையே பிரதியெடுக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் இல்லாத அந்தப் பிரதிகளைத் தாவிய எண்கள் காட்டிக்கொடுத்தன.

வரி வரியாக இப்படிச் செய்த சுழற்சியை முழுவதுமாக எடுத்துவிட்டு, புலங்களைத் தானே பிரிக்கும் ஒரே ஓர் 'ஆக்' (awk) கட்டளையால் கோப்பை ஒருமுறை வாசிக்கும்படி மாற்றினேன். கட்டளையை இட்டுவிட்டுத் தேநீர் எடுத்து வருவதற்குள் அறிக்கை தயாராக இருந்தது. தரவுத்தளத்தின் மேல் நான் சுமத்திய பழிக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

ஆனால் அதே பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் கிடந்தது. தரவுத்தளத்தின் காப்புப்பிரதி எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையின் வரியில் கடவுச்சொல் அப்படியே எழுத்தெழுத்தாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையால் நாங்கள் பார்த்த நாட்களில் அந்த இடத்தில் எக்ஸ் எழுத்தே தெரிந்ததால் பாதுகாப்பானது என்று நம்பியிருந்தோம். நிரல் தொடங்கிய பின்னரே அது தன் கடவுச்சொல்லை மறைக்கிறது, தொடங்கும் கணத்தைப் பிடிக்கும் கருவிக்கு அந்த மறைப்பு இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பட்டியலை எல்லோரும் வாசிக்கக்கூடிய தற்காலிக அடைவில் நானே சேமித்து வைத்திருந்தேன். அன்று மாலையே கோப்பை அழித்து, கடவுச்சொல்லை மாற்றி, உரிமையாளர் மட்டும் வாசிக்கக்கூடிய அமைவுக் கோப்பு ஒன்றுக்குள் புதியதை வைத்தேன்.