விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலைச் சேர்க்கை: மலையகக் குறிப்பேடு

மே 6

அடுத்த ஜனவரியில் முதலாம் தரத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் எடுக்கும் காலம். ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் பிள்ளை பட்டியலில் வரும். பட்டியலைப் பாடசாலையில் இருந்துகொண்டு எழுதினால் குறையாகத்தான் இருக்கும். விடுபடும் பிள்ளை தோட்டத்து லயத்துக் காம்பராவுக்குள் (வரிசை வீட்டின் ஓர் அறைக்குள்), பாட்டியோடு இருக்கிறது. அதை அறிந்தவர்கள் பிள்ளை மடுவத்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்து) ஆயா, மிட்வைஃப், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும் பெண்கள். மிட்வைஃபின் தடுப்பூசிப் பதிவோடு ஒப்பிட்டால் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) பிறந்த பிள்ளை தப்புவது அபூர்வம்.

கேட்கும் விதம் முக்கியம். "ஊனமுள்ள பிள்ளை இருக்கா?" என்றால் எந்த லயத்திலும் "இல்ல" என்றுதான் பதில் வரும். இயலாமைப் புள்ளிவிபரத்துக்காக ஐ.நா.வின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழுவின் கேள்விகள் செயலைக் கேட்கின்றன: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவு வைப்பதில், தன் வேலையைத் தானே செய்வதில், பேசிப் புரிய வைப்பதில் கஷ்டம் உண்டா? இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என்று நான்கே பதில்கள். எதிலாவது "நிறைய" அல்லது "முடியாது" வந்தால் விசேட தேவையுள்ள பிள்ளை என்று பட்டியலில் குறிக்க வேண்டும். ஆனால் இந்த ஆறும் பொதுவான தொகைமதிப்புக்கு உருவானவை; நடத்தையும் கவனமும் இவற்றில் அகப்படாது. பிள்ளைகளுக்கென 2016இல் யுனிசெஃபும் அந்தக் குழுவும் சேர்ந்து வெளியிட்ட தொகுதியில் அவையும் உண்டு. நேரம் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

மே 13

ஆவணங்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்தால் அது தாமதப் பதிவு, வேறு விண்ணப்பம், கூடுதல் சான்றுகள். பிறந்த பிறகு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. பிள்ளை பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் பதிவு யாருக்கு ஞாபகம்? பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு மே மாதமே போனால் ஜனவரிக்குள் பத்திரம் கையில் கிடைக்க வாய்ப்புண்டு.

அடுத்தது பெயர். தகப்பனின் அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிள்ளையின் பத்திரத்தில் வேறு எழுத்து. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதியதால் வந்தது. சேர்க்கை இதற்காக நிற்க வேண்டியதில்லை. ஆனால் சேர்விடாப்பில் (பாடசாலையின் சேர்க்கைப் பதிவேட்டில்) பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். அதிபர் நல்லெண்ணத்தில் "திருத்தி" எழுதினால் பரீட்சை விண்ணப்பத்தின்போது இரண்டு பெயர் கொண்ட பிள்ளையாகிவிடும்.

வதிவிடச் சான்றில் தோட்டப் பெயர், டிவிசன், லயன் இலக்கம், காம்பரா இலக்கம் நான்கும் வேண்டும். மின் கட்டணப் பட்டியல் பல வீடுகளில் குடும்பத்தின் பெயரில் இல்லாததால், வாக்காளர் இடாப்பின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் சேர்த்து வைப்பது நல்லது.

மே 21

மருத்துவ அறிக்கையா சேர்க்கையா, எது முதலில்? சேர்க்கைதான். "அறிக்கை கொண்டு வாங்க, பிறகு பார்ப்போம்" என்று சொல்லப்படும் இடத்தில்தான் பிள்ளை இரண்டு வருடம் தொலைகிறது. கிளினிக் திகதி கிடைக்க மாதங்கள் ஆகும். போகும் நாளில் அம்மாவுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும். காது டொக்டர் ஒரு நாள், பிள்ளை டொக்டர் இன்னொரு நாள். அறிக்கை வருவதற்குள் முதலாம் தரம் முடிந்துவிடும். கற்பிப்பதற்கு அறிக்கை உதவும். சேர்ப்பதற்கு அதை நிபந்தனையாக்குவது தவறு.

இயலாமையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 23: இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனச் சேர்க்கையிலும் பாரபட்சம் காட்டக் கூடாது. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 5 முதல் 16 வரை என நீட்டப்பட்டது. ஆனால் பெற்றோர் சட்டப் பிரிவோடு அதிபரின் மேசைக்குப் போனால் பேச்சு அங்கேயே கசந்துவிடும். விண்ணப்பத்தைக் கொடுத்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குவதே முதல் வேலை. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதன் பிறகும் பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம், விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிப் பணிப்பாளருக்குப் பிரதி. வாய்மொழியாக மறுத்த பலர் எழுத்தில் மறுக்க மாட்டார்கள்.

பெற்றோரே பின்வாங்குவதும் உண்டு. "பேச்சு வரட்டும் டீச்சர், பொறகு சேத்துக்கிறோம்." பேச்சு வர வேண்டுமானால் மற்றப் பிள்ளைகளின் நடுவே இருக்க வேண்டும். மடுவத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்த பிள்ளைக்கு இது இரட்டிப்பு உண்மை.

ஜூன் 3

கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியவை: பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேடு, பழைய நோயாளர் அட்டைகள், வலிப்பு இருந்தால் ஒரு காணொளி. கைபேசியில் எடுத்த அரை நிமிடம், டொக்டருக்கு அரை மணி நேர விளக்கத்தைவிடப் பயன்படும்.

மொழியைக் கவனிக்க வேண்டும். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் சிங்களத்தில் படம் காட்டிப் பெயர் கேட்டால் பேசாமல்தான் இருக்கும். அதைப் பேச்சுத் தாமதம் என்று எழுதிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொருவரும் அந்த வரியிலிருந்தே தொடங்குவார்கள். "எந்த மொழியில் சோதித்தீர்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள் சேர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஜூன் 19

வகுப்பறையை மழை நாளில் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் நாளில் எல்லா வகுப்பறையும் நன்றாகத்தான் இருக்கும்.

மேற்குச் சரிவில் இப்போது பருவமழை. நீண்ட மண்டபம், இடையே அரைச் சுவர், மூன்று வகுப்பு, மேலே தகரம். மழை கொட்டும்போது ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் ஆசிரியரின் குரலே நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. செவிப்புலன் கருவி குரலையும் பெருக்கும், தகரத்து இரைச்சலையும் பெருக்கும். பிள்ளை அதைக் கழற்றிப் பைக்குள் போடுவதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காது வலிக்காமல் காப்பாற்றிக்கொள்கிறது. செய்யக் கூடியது: கூரைப் பீலியில் நீர் விழும் பக்கத்தை விட்டு எதிர்ச் சுவரோரம் இருத்துவது, ஆசிரியர் ஒன்றரை மீட்டருக்குள், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்பது, மழை பலத்தால் பேச்சை நிறுத்தி எழுத்துக்கும் படத்துக்கும் மாறுவது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டும்.

கருவிக்கு ஈரம்தான் எமன். இரவில் பட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேல் காய வைப்பது லய வீடுகளின் வழக்கம், விறகுக்கும் துணிக்கும் சரி. கருவிக்கு அந்தப் புகையும் சூடும் கேடு. காதுக்குப் போகும் குழாயில் நீர்த்துளி நின்றாலே சத்தம் அடைபடும். ஊதி எடுத்தால் போதும், ஆனால் குழாயைக் கருவியிலிருந்து கழற்றிய பிறகு. சின்க் பட்டரியின் ஒட்டுத்தாளை எடுத்ததும் உடனே போடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைக்க வேண்டும். காது அச்சு (காதுக்குள் பொருந்தும் பகுதி), வளரும் பிள்ளைக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும்; கருவி கூவினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அச்சைத்தான்.

காலையில் ஒரு நிமிடச் சோதனை: ஆசிரியர் வாயைத் தாளால் மறைத்து ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளையும் ஒழுங்கு மாற்றிச் சொல்வார்; கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒரு சோடா மூடியைத் தகர டின்னுக்குள் போடும். நேற்று ஆறும் விழுந்து இன்று நான்கு மட்டும் விழுந்தால் பட்டரி, குழாய், அல்லது சளி.

பார்வை குறைந்த பிள்ளைக்கு மூட்டம்தான் சிக்கல். யன்னலைப் பார்த்து இருத்தினால் வெள்ளைத் திரையைப் பார்ப்பது போலாகும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். கொப்பியில் கறுப்புப் பேனாவால் தடித்த கோடு போட்டுக் கொடுத்தால் பென்சில் கோட்டைத் தேடும் அவதி குறையும்.

ஜூலை 8

சாய்தளம். 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கானவை, பாடசாலையும் அதில் அடங்கும். 1:12 சரிவு என்றால், 15 சென்ரிமீட்டர் படி மூன்றுக்கு 5.4 மீட்டர் நீளம். இடமில்லை என்று 2 மீட்டரில் கட்டி முடித்தவை நிறைய. அதில் பிள்ளையை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க நான்கு பேர். மழுமழுவென்று சீமெந்து பூசுவது இங்கே பெருமை; பாசி பிடித்தால் நடக்கிற பிள்ளையும் விழும். ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்காக இழுத்துவிட வேண்டும். ஓரத்தில் சிறு கரை, 90 சென்ரிமீட்டர் உயரத்தில் கைபிடி.

நம் பாடசாலைகள் படிப்படியாக வெட்டிய மலையில் இருக்கின்றன. மேல் கட்டடத்துக்கு 20 படி என்றால் 3 மீட்டர் ஏற்றம், 36 மீட்டர் சாய்தளம். யாரும் கட்டப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் வகுப்பைக் கீழ்க் கட்டடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை, அதிபரின் தீர்மானம் போதும். கட்டடங்களுக்கு இடையில் ஓடும் திறந்த கானுக்கு ஒரு கொங்கிறீட் பலகை. இடைவெளி விட்டால் முன் சக்கரம் சிக்கும்.

சக்கர நாற்காலி பெரியவர் அளவில் வந்து படம் எடுக்கப்பட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இருக்கை இடுப்பைவிட இரண்டு மூன்று சென்ரிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கம் சரியும். இறக்கத்தில் நாற்காலியைப் பின்புறமாக இறக்க வேண்டும்.

செப்டெம்பர் 10

எங்கே சேர்ப்பது என்ற தீர்மானம்: சாதாரண வகுப்பு, விசேட கல்வி அலகு (சாதாரண பாடசாலைக்குள் தனி வகுப்பு), விசேட பாடசாலை. உட்படுத்தல் கல்வி (எல்லாப் பிள்ளையும் ஒரே வகுப்பில்) என்பது இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். நடக்கச் சிரமப்படும் பிள்ளை, ஒரு கருவியோடு கேட்கும் பிள்ளை, வலிப்புள்ள பிள்ளை ஆகியோருக்குச் சாதாரண வகுப்பே இடம். அறவே கேட்காத பிள்ளையைச் சைகை மொழி தெரிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் இருத்துவது வெறும் இருத்தல்தான்.

ஆனால் விசேட பாடசாலை என்றதும் வரும் கேள்வி: எந்த மொழியில்? மலையகத்துக்குக் கிட்ட இருப்பவை பெரும்பாலும் சிங்கள மொழிமூலம். பார்வையற்ற பிள்ளைக்குத் தமிழ்ப் பிரெய்ல் தெரிந்த ஆசிரியர் வேண்டும். கைதடி நவீல்ட் விசேட பாடசாலை தமிழில் கற்பிக்கிறது, அது யாழ்ப்பாணத்தில். ஆறு வயதில் விடுதியில் விடுவது பெற்றோரின் முடிவு. அதற்குமுன் ஒரு முறையேனும் போய்ப் பார்க்க வேண்டும்: விடுமுறைக்குக் கூட்டி வரும் செலவு யாருடையது, இரவில் யார் பொறுப்பு, சைகை மொழியை வீட்டாருக்கும் கற்பிப்பார்களா?

அலகில் சேர்ந்த பிள்ளைக்கு மீளாய்வுத் திகதி வேண்டும். எழுதாவிட்டால் ஆறு வருடம் அதே அறை. சித்திரம், உடற்பயிற்சி, காலைக் கூட்டம் மூன்றுக்கும் ஒரு சாதாரண வகுப்போடு பெயரைச் சேர்த்து வைப்பது குறைந்தபட்சம்.

ஒக்டோபர் 22

மலசலகூடம். இடைவிலகலுக்குக் கால்களைவிடப் பெரிய காரணம் இது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சுவரில் ஒரு பிடி, கொமேட், கைக்கெட்டும் உயரத்தில் தண்ணீர். இடைவேளைக்கு அம்மா வந்து கொண்டுபோக வேண்டும் என்ற ஏற்பாடு கொழுந்து கூடிய மாதத்தில் முறிந்துவிடும். யார் கூட்டிப் போவது என்று பெயர் எழுதி முடித்தாலன்றி ஏற்பாடு முடிந்ததாகாது.

ஜனவரி 28

வகுப்பாசிரியரின் மேசை லாச்சியில் ஒரு பக்கத் தாள்: பிள்ளையைக் கூப்பிடும் பெயர், எதைப் புரிந்துகொள்ளும், எப்படித் தெரிவிக்கும், மருந்து, யாருக்கு அழைப்பது. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வை, தலைக்குக் கீழே மடித்த சுவெட்டர், வாய்க்குள் எதுவும் வைக்காதே, நேரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கையில் இரும்புச் சாவி திணிப்பவரோடு அந்த நேரத்தில் வாதிட வேண்டாம், சாவியை வாய்ப்பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேசை முழங்கை உயரம், பாதம் முழுதாகத் தரையில். எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகைப் பெட்டி. தசை இறுக்கமுள்ள பிள்ளைக்கு இந்தப் பெட்டி இல்லையென்றால் பென்சிலும் பிடிபடாது.

பெப்ரவரி 20

வரவு இடாப்பைப் பார்க்கும் நேரம். ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில் வராமல் இருந்தால் அது கிளினிக் நாள். அடுத்தடுத்து மூன்று நாள் இல்லையென்றால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், மாத முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. பாடசாலைத் தொகைமதிப்புப் படிவத்தில் இந்தப் பிள்ளைகளின் நிரலை வெற்றாக விட்டால் விசேட கல்விக்கு ஓர் ஆசிரியரைத் தரும்படி கேட்பதற்கு ஆதாரம் இல்லாமல் போகும். பூரணப்படுத்துபவர் வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதட்டும்.

இதுவரை பாடசாலையே போகாத ஒன்பது வயதுப் பிள்ளை வந்தால் முதலாம் தரத்தில் போடுவது சுலபம், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் இளைய பிள்ளைகளோடு இருத்தினால் தங்காது. வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவோடு பேசி, வயதுக்குக் கிட்டிய வகுப்பில் பெயர், எழுத்தும் எண்ணும் தனி நேரத்தில் என்று தனியாள் கல்வித் திட்டத்தில் எழுத வேண்டும். முதல் தவணைக்கு மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம்.