ஆங்கிலப் பயிற்சித்தாள் தேடுகிறீர்களா? ஜெராக்ஸ் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தமிழ்வழி ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் தேடி மூன்று நாள் சாயங்காலம் வீணாய்ப் போனது. இலவசம் என்று போட்டிருந்த ஒரு தளம் முதலில் மெயில் ஐடி கேட்டது, அடுத்து பள்ளியின் பெயர், கடைசியில் கார்டு எண். கார்டு கேட்டால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் பணம் தானாகப் பிடிப்பார்கள்.

வேறொரு தளத்தில் நல்ல 'பொருத்துக' தாள் கிடைத்தது. 36 பிரதி எடுத்த பிறகுதான் பார்த்தேன், வலது ஓரத்துச் சொற்களில் கடைசி எழுத்தைக் காணோம். அது அமெரிக்க லெட்டர் அளவு, அகலம் 216 மி.மீ.; நம் ஏ4 தாள் 210தான். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். வண்ணப் படம் ஜெராக்ஸில் கரியாகிவிடும், கோட்டுப் படமே நல்லது.

உச்சரிப்புத் தாளில்தான் ரொம்ப அலைச்சல். தேடினால் வந்து விழுவதெல்லாம் 'ஷிப், ஷீப்' வகை. குறில் நெடில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிய சிக்கலே இல்லை. அவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'பின்'. வந்தான் என்பதும் விளையாட்டு என்பதும் 'கேம்'. நமக்கு ப ஒன்று, க ஒன்று. அதனால் 'மினிமல் பேர்ஸ்' (ஒரே ஒரு ஒலி மட்டும் மாறும் சொல் ஜோடிகள்) என்று மட்டும் தேடாமல், குழம்பும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் (p, b போல) கூடவே தட்டுங்கள். எனக்குச் சரியான பட்டியல் அப்படித்தான் கிடைத்தது. வகுப்பில் உதட்டுக்கு முன்னால் துண்டுத்தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். குண்டூசி 'பின்'னுக்குத் தாள் ஆட வேண்டும், குப்பைத்தொட்டி 'பின்'னுக்கு அசையாமல் நிற்க வேண்டும். ஆடும் வரை விடாதீர்கள்.

வாசிப்புக்குப் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம் போதும். நிலை 1 கதைகள் 250 சொல்லுக்குள் அடங்கும், பல கதைகள் தமிழிலும் உண்டு. பிரதி எடுக்க உரிமம் தடையில்லை. எழுத்தாளர், ஓவியர் பெயருள்ள பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள்.

பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' என்ற ஒலி நிகழ்ச்சி அருமையானது, பேச்சு முழுவதும் எழுத்திலும் கிடைக்கும். ஆனால் அது இடைநிலையினருக்கு. ஆறே நிமிடம்தானே என்று ஆறாம் வகுப்பில் போட்டால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.