கருமாத்தூர் ஸ்டாப்

நேற்று மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் போனேன். கருமாத்தூர் வந்ததும் கை தானாகப் பையைத் தூக்கிவிட்டது. மூன்று வருடம் இறங்கிய ஸ்டாப் அல்லவா!

அருள் ஆனந்தர் கல்லூரி, 1970-ல் இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது. இதை மதுரைக்குள்ளேயே கட்டியிருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாவதோடு நின்றிருப்பார்கள். நானும்தான்.

நான் படித்தது ஊரக வளர்ச்சி அறிவியல். பாதிப் பாடம் ஊருக்குள்தான். ஒரு கிராமத்தில், உங்கள் ஊரை நீங்களே வரைந்து காட்டுங்கள் என்று தெருவில் கோலப்பொடியைக் கொடுத்தோம். ஒரு பாட்டி முதலில் வரைந்தது வீட்டையோ கோவிலையோ அல்ல, வற்றிப்போன கிணற்றை. சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் கப்சிப். அந்த வெள்ளை வட்டம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

கல்லூரிக்குப் பெயர் தந்த அருளானந்தர், போர்ச்சுகலில் பிறந்த ஜான் டி பிரிட்டோ. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தவர். அவர் ரத்தம் பட்டு ஓரியூர் மண் சிவந்தது என்று நம்புவதால் 'செம்மண் புனிதர்' என்பார்கள். ராமநாதபுரத்து நண்பன் ஒருவன் ஓரியூர் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தந்தான். கருப்பசாமியைத் தவிர யாரையும் கும்பிடாத என் அப்பத்தா, "சாமி மண்ணாடா?" என்று வாங்கி, திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டது. கடைசிவரை அதை யாரையும் எடுக்க விடவில்லை.

நம்ம செட் ஆட்களே, வரும் பிப்ரவரி 4 காலை பத்து மணிக்கு காலேஜ் கேட்டில் நிற்பேன். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.